எந்நேரமும் பணியில்: பம்பாய்ப் போலீஸ்காரரின் ஊதியமும் உறைவிடமும்

கல்யாணுக்கு அப்பால் அம்பர்நாத்தில் குடியேறியுள்ள தமிழ் மக்களிடம் அவ்வூரின் சிறப்பு யாது என்று கேட்டால், வால்துனி ஆற்றங்கரையில் நிற்கும் பழஞ்சிவாலயத்தையே முதலிற் சுட்டுவர். சக ஆண்டு 982, அதாவது கி.பி. 1060 என்று கல்வெட்டுக் கொண்ட கோயில் அது. சிலாஹார மன்னர் காலத்துத் திருப்பணி. அடுத்தபடியாக, தீப்பெட்டி செய்து பெயர்பெற்ற விம்கோ ஆலையைச் சொல்வர். சென்னைத் திருவொற்றியூரில் விம்கோ நகர் என்று ஒரு பகுதி இருப்பதுபோல் அம்பர்நாத்தில் விம்கோ நாக்கா உண்டு. சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் பெயரில் ஒரு பழைய போட்டியின் நெடி இன்னும் வீசக்கூடும்! படைக்கலத் தொழிற்சாலையும் அவ்வூரில் உள்ளது.

இவற்றுள் சேராத இன்னொரு செய்தியும் அம்பர்நாத்துக்கு உண்டு. விடியுமுன் பம்பாய் நோக்கிப் புறப்படும் மின்சார ரயில்களில், காக்கிக் காற்சட்டைக்குமேல் சாதாரணச் சட்டை அணிந்தவர்களை நாம் பார்க்கிறோம். அவர்கள் போலீஸ்காரர்கள். நகரத்தைக் காப்பது அவர்கள் உத்தியோகம். நகரத்துக்குள் வீடு வாங்கவோ, ஓய்வுபெற்றபின் தங்கவோ அவர்கள் சம்பளம் இடந்தருவதில்லை. ஆகவே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளி அம்பர்நாத்திலும் பத்லாபூரிலும் வீடு பிடித்து, ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் பிரயாணம் செய்கின்றனர். பணி முடியும் நேரம் முன்கூட்டித் தெரியாத ஒருவருக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பது சிறிய கவலையன்று.

இந்த உத்தியோகத்தின் ஊதியமும் உழைப்பும் உறைவிடமும் இந்நிலையை அடைந்த வரலாற்றைச் சற்றே ஆராய்வோம். நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். பிறமொழி வழங்கும் மாநிலத்தில் பிழைப்பு நாடி வந்த குடிமக்களுக்கு அரசாங்கம் என்பது முதன்முதலில் கண்ணிற் படுவது ஒரு போலீஸ்காரரின் உருவத்தில்தான். தாராவிச் சந்திலும் மாதுங்காச் சந்தையிலும் செம்பூர்க் குடிசைப் பகுதியிலும் நம்மவரோடு பேசும் அரசாங்கம் அவரே. அவர் தூங்கியவரா, தூங்காதவரா. உண்டவரா, உண்ணாதவரா என்பது அவரிடம் முறையிடச் செல்பவரின் விதியையும் ஓரளவு நிர்ணயிக்கிறது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த முதியோர் போலீஸ்காரரை ‘டாணாக்காரர்’ என்றே வழங்குவர். காவல் நிலையத்துக்குரிய ‘தாணா’ என்ற வடநாட்டுச் சொல்லே அது. ‘ஸ்தானம்’ என்ற வடசொல்லின் வழிவந்தது. அம்பர்நாத் அடங்கிய தாணே ஜில்லாவின் பெயருக்கும் அதே ‘ஸ்தான’மே வேர். ஆக, அம்பர்நாத்தில் வாழும் நெல்லைத் தமிழர் தம் பாட்டனார் போலீஸ்காரருக்கு வைத்த பெயரையே ஜில்லாவின் பெயராகவும் முகவரியில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

பம்பாய்த் தீவின் காவலுக்கு முதன்முதலில் ஓர் அமைப்பு ஏற்பட்டது, 1669-இல் ஆளுநர் பதவி ஏற்ற ஜெரால்டு ஆஞ்சியர் காலத்தில். தென்னையிலும் பனையிலும் கள்ளிறக்கும் தொழிலுடைய பண்டாரி வகுப்பினரைக் கொண்டு சுமார் 500 பேர் அடங்கிய ஒரு காவற்படையை அவர் அமைத்தார். அதன் தலைமையிடங்கள் மாஹிம், சிவ்ரி, சயான் ஆகிய மூன்று. மாஹிமுக்கும் சயானுக்கும் இடைப்பட்ட சதுப்பு நிலமே பின்னாளில் தாராவியாயிற்று என்பதை நினைவிற்கொண்டால், நம்மவர் அங்கு வருவதற்கு இரண்டு நூற்றாண்டுக்குமுன்பே அந்நிலத்தின் இரு மருங்கிலும் காவலர் நின்றிருந்தனர் என்பது விளங்கும்.

பம்பாய்ப் போலீசின் தொடக்க கால வரலாற்றில் மிகவும் பேசப்படுபவர் சார்லஸ் ஃபோர்ஜெட். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது மாறுவேடம் பூண்டு நகரத்தைச் சுற்றியவர் என்று அவரைப்பற்றிக் கதைகள் பல உண்டு. அவருடைய தந்தையார் சென்னைப் பீரங்கிப் படையில் உத்தியோகம் பார்த்தவர். மாறுவேடக் கதைகளை எழுதியோர் மிகப் பலர். ஃபோர்ஜெட்டின்கீழ் மாத ஊதியத்துக்கு நின்ற சிப்பாய் எவ்வாறு குடும்பம் நடத்தினான் என்று எழுதியோர் மிகச் சிலர். 1864-இல் ஃபிராங்க் சௌட்டர் பம்பாயின் முதற் போலீஸ் கமிஷனரானார். பெரும்பதவிகள் இவ்வாறு உருவாயின. அடிப்படிக்கட்டில் நின்றவனைப் பற்றிய சட்டமோ சென்னை இராஜதானியிலிருந்து புறப்பட்டது.

அது சற்று விரித்துரைக்கத்தக்கது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் சென்னை இராஜதானியில் வரி தண்டுவோரும் காவல் காப்போரும் ஏறக்குறைய ஒருவராகவே இருந்தனர். நிலவரி பாக்கிக்காகவும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் குடியானவர்களைக் குனியவைத்துக் கல்லேற்றுதல், விரல்களை நெரித்தல் முதலிய கொடுமைகள் நடப்பதாக எழுந்த புகார்களை ஆராய 1854-இல் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. 1855-இல் அது அளித்த அறிக்கை ‘சென்னைச் சித்திரவதைக் கமிஷன் அறிக்கை’ என்று பெயர் பெற்றது. புகார்கள் பொய்யல்ல என்று அக்குழு கண்டது. கீழ்நிலைச் சேவகர்களுக்குக் கிடைத்த அற்பச் சம்பளமும், வரியும் காவலும் ஒரே கையில் இருந்ததும் அத்தீமையை வளர்த்தன என்பதும் அவ்வறிக்கையால் வெளிப்பட்டது. அதன் பயனாக 1859-ஆம் ஆண்டு 24-ஆம் சட்டம் சென்னைப் போலீசைத் தனித் துறையாக்கிற்று. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவர். அயர்லாந்து நாட்டுக் காவற்படை அதற்கு மாதிரி. மக்களின் நண்பனாக நிற்பதற்கு அமைந்த படையன்று அது. அடக்கியாளும் நாட்டில் அமைதி காப்பதற்கு அமைந்த படை. சென்னையில் கிடைத்த அனுபவத்தை வைத்து இந்தியா முழுமைக்கும் 1861-ஆம் ஆண்டு 5-ஆம் சட்டம் வகுக்கப்பட்டது.

அச்சட்டத்தின் 22-ஆம் பிரிவு சிறியது. அச்சட்டத்தின் காரியங்களுக்காகப் போலீஸ் உத்தியோகஸ்தர் ஒவ்வொருவரும் எந்நேரமும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவர் என்பது அதன் கருத்து. ஆபத்து வேளையில் ‘என் நேரம் முடிந்துவிட்டது’ என்று காவலன் ஒதுங்கிப் போகலாகாது என்பதற்காக ஏற்பட்ட விதியாக அதைக் கொள்ளலாம். அந்த அளவில் அது நியாயமே. ஆனால் நடைமுறையில் அதற்கு வேறொரு பொருள் பிறந்தது. ஒருவர் எந்நேரமும் பணியில் இருக்கிறார் என்றால் அவருக்கு மிகுதி நேர வேலை என்பதே இல்லை. மிகுதி நேரம் இல்லையெனில் அதற்குக் கூலியும் இல்லை. ஆலைத் தொழிலாளிக்கு வேலை நேரத்தை வரையறுக்கும் சட்டம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அந்த ஆலையின் வாயிலில் நிற்கும் போலீஸ்காரருக்கு வரவில்லை. சுதந்திரத்துக்குப்பின் இயற்றப்பட்ட 1951-ஆம் ஆண்டுப் பம்பாய்ப் போலீஸ் சட்டத்தின் 28-ஆம் பிரிவிலும் அதே வாசகம் புகுந்தது. பின்னர் அச்சட்டத்துக்கு மகாராஷ்டிரப் போலீஸ் சட்டம் என்று பெயர் மாறிற்று, பிரிவு மாறவில்லை.

இனி ஊதியம். கர்சன் பிரபுவின் காலத்தில், 1902-இல், ஆண்ட்ரூ ஃபிரேசர் தலைமையில் ஒரு போலீஸ் கமிஷன் நாடெங்கும் சுற்றிற்று. போலீசின் ஊழலையும் திறமைக் குறைவையும் அது கடுமையாகவே கண்டித்தது. கூடவே, கான்ஸ்டபிளின் சம்பளம் வாழ்க்கைக்குப் போதியதாக இருக்கவேண்டும், எங்கும் மாதம் 8 ரூபாய்க்குக் குறையலாகாது என்றும் பரிந்துரைத்தது. 8 ரூபாய்க்குக் குறையலாகாது என்று ஒரு கமிஷன் எழுதவேண்டியிருந்தது என்றால், அதற்கும் குறைந்த சம்பளத்தில் மனிதர் நின்றிருந்தனர் என்பதே பொருள். குறைந்த கூலி கொடுத்து, அளவற்ற நேரத்தை வாங்கி, அதிகாரத்தையும் கையிற்கொடுத்து, நேர்மையையும் எதிர்பார்த்த ஏற்பாடு அது. இவ்வேற்பாட்டில் நேர்மையாய் இருந்தோரும் பலர் என்பதே நமக்கு வியப்பு.

உறைவிடத்தின் கதைக்கு வருவோம். முதல் உலகப் போருக்குப்பின் பம்பாயில் வீட்டுப் பஞ்சம் மிகுந்தது. அதைத் தீர்க்க அரசாங்கம் தொடங்கிய பம்பாய் அபிவிருத்தி இலாகா 1920-களில் வோர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய நான்கிடங்களில் 207 கட்டடங்களை எழுப்பிற்று. இவையே பி.டி.டி. சால்கள். தரைத்தளமும் அதன்மேல் மூன்று மாடியும், மாடிக்கு இருபது அறையும். ஓர் அறையின் பரப்பு 160 சதுர அடி. தளம் முழுவதற்கும் பொதுக் கழிப்பிடம். ஆலைத் தொழிலாளர்க்கென்று எண்ணிக் கட்டிய இவை தொடக்கத்தில் வெறுமையாகக் கிடந்தன. சட்டமறுப்பு இயக்கக் காலத்தில் வோர்லியின் சில சால்கள் சத்தியாக்கிரகிகளை அடைக்கும் தற்காலிகச் சிறையாகவே பயன்பட்டன. பின்னர் ஆயிரக்கணக்கான அறைகள் போலீஸ் குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட்டன. முன்பு கைதியை வைத்த அறையில் பின்பு காவலர் குடியிருந்தார். சிறை என்று கொள்ளத்தக்க அளவிலேதான் வீடும் இருந்தது. மாதுங்காவிலிருந்து தாதர் தாண்டி நாய்காவ் செல்லும் நம்மவர்க்கு இக்கட்டடங்கள் பழக்கமானவை. வெளித் தாழ்வாரங்களில் காக்கி உடைகள் உலர்வதைப் பார்த்திருப்பர்.

அவ்வறைகளில் வாழ்ந்த கான்ஸ்டபிள்கள் பெரும்பாலும் கொங்கணம், சாதாரா முதலிய பகுதிகளின் கிராமத்து மக்கள். பக்கத்து அறையில் ஆலைத் தொழிலாளி. அவரும் அதே கிராமப்புறத்தார், சில வேளை உறவினர். வெளியே வேலை நிறுத்தம் நடக்கும்போது ஒருவர் கையில் கொடி, மற்றவர் கையில் தடி. இரவில் இருவருக்கும் குழாயடி ஒன்று. இந்த அயல்வீட்டு உறவை மேலதிகாரிகள் பெரிதாகக் கருதவில்லை. 1982-இல் அது வேறு வடிவில் வெளிப்பட்டது. அதைச் சொல்லுமுன், நமது மக்களோடு நெருங்கிய மற்றொரு பகுதியைத் தொட்டுச் செல்வோம்.

பம்பாய் மாகாணத்தில் 1949-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் நிறைவேறிற்று. சட்டம் கள்ளச்சாராயத்தை ஒழிப்பதற்கு மாறாக வளர்த்தது. தாராவியின் சதுப்பு ஓரங்கள் அதற்கு வசதியாயின. அங்கேதான் ‘ஹஃப்தா’ என்ற சொல் நம்மவர் பேச்சிலும் ஏறியது. பாரசீக மொழியில் வாரம் என்பதே அதன் பொருள். சர்க்கார் மாதத்துக்கு ஒரு முறை கொடுத்தது; காய்ச்சுவோர் வாரத்துக்கு ஒரு முறை கொடுத்தனர். விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் சுமை தூக்கி வாழ்வைத் தொடங்கிய வரதராஜ முதலியார் இத்தொழிலால் பெருஞ்செல்வாக்குப் பெற்றதும், மாதுங்காவில் அவர் நடத்திய பிள்ளையார் விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வந்ததும், 1980-களில் ஒய்.சி. பவார் என்ற போலீஸ் அதிகாரியின் நெருக்கடியால் அவர் பம்பாயை விட்டுச் சென்னை சென்றதும், 1988-இன் தொடக்கத்தில் அங்கு மறைந்ததும் பலரும் அறிந்தவை. 1987-இல் வந்த ‘நாயகன்’ படத்தைப் பார்த்துவிட்டு இவற்றை வீரக் கதையாக மட்டும் பேசுவது நமது வழக்கமாகிவிட்டது. ஆனால் வாரப் பணம் வாங்கிய போலீஸ்காரரிடம் வழக்குக் கொடுக்கச் சென்ற ஏழைத் தமிழ்ப் பெண் என்ன பெற்றாள் என்பதை அப்படம் பார்த்து அறிய முடியாது. குறைந்த சம்பளம் லஞ்சத்துக்கு நியாயமாகாது. எனினும், அந்த இடைவெளியை நிரப்பச் சாராய வியாபாரியை அனுமதித்துவிட்டு, ஒழுக்கத்தைப் பற்றிச் சுற்றறிக்கை அனுப்பிய அரசாங்கத்தைக் குறை சொல்லாமல் விடவும் நமக்கு மனமில்லை.

சங்கம் சேர்ந்து முறையிடும் வழியும் போலீஸ்காரர்க்கு எளிதாக இல்லை. 1966-இல் மத்திய அரசாங்கம் போலீஸ் படைகளின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றை இயற்றியது. அரசாங்க அனுமதியின்றி அவர்கள் தொழிற்சங்கத்தில் சேரலாகாது என்பது அதன் முக்கியப் பகுதி. 1979-இல் பஞ்சாபில் தொடங்கிய போலீசாரின் கிளர்ச்சி பல மாநிலங்களுக்குப் பரவிற்று. தமிழ்நாட்டிலும் கலக்கம் எழுந்தது. அதிகாரிகளின் வீட்டு வேலைக்குக் காவலரை அமர்த்தும் ‘ஆர்டர்லி’ முறை தமிழ்நாட்டில் 1979-இல் ஆணையளவில் ஒழிந்தது. ஆணையளவில் என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு: அதைச் செயலளவிலும் ஒழிக்கும்படி 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் மீண்டும் வற்புறுத்த வேண்டியதாயிற்று. தர்ம வீரா தலைமையில் 1977-இல் அமைந்த தேசியப் போலீஸ் கமிஷன் தனது முதல் அறிக்கையை 1979 பிப்ரவரியில் அளித்தபோது, எடுத்த எடுப்பிலேயே கான்ஸ்டபிளின் சம்பளம், வீடு, குறைதீர்ப்பு ஆகியவற்றைப் பற்றியே பேசிற்று. கான்ஸ்டபிளைத் திறன் பயிலாத கூலியாளாக மதித்துச் சம்பளம் நிர்ணயிப்பது தவறு, திறன் பெற்ற பணியாளராக மதிக்கவேண்டும் என்பது அதன் கொள்கை.

மகாராஷ்டிரத்தில் அக்காலத்தில் போலீசாரின் சங்கம் ஒன்று அரசாங்க அங்கீகாரத்துடன் இயங்கிவந்தது. சம்பளம், வேலை நேரம், வீடு, அதிகாரிகளின் நடத்தை ஆகியவற்றைக் குறித்து அது குரல் எழுப்பிற்று. 1982 ஜனவரி 18-ஆம் தேதி டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் தொடங்கியிருந்தனர். மாதக்கணக்கில் அந்தத் தெருக்களில் நின்ற போலீஸ்காரர் களைத்திருந்தனர். ஆகஸ்டு 15, சுதந்திர தினத்தன்று பலர் கறுப்புச் சின்னம் அணிந்து தம் மனக்குறையைக் காட்டினர். பாபாசாகேப் போஸ்லே தலைமையிலான மாநில அரசாங்கம் சங்கத்தின் அங்கீகாரத்தை நீக்கி, ஆகஸ்டு 18 விடியுமுன் அதன் தலைவர்களைக் கைது செய்தது. பொழுது விடிந்ததும் நாய்காவிலும் வோர்லியிலும் கான்ஸ்டபிள்கள் திரண்டனர். சால்களிலிருந்து குடும்பத்தினரும் தெருவில் இறங்கினர். வேலையிழந்து நின்ற ஆலைத் தொழிலாளரும் வந்து கலந்தனர். குழாயடியில் பழகிய உறவு அன்று தெருவிற்கு வந்தது என்றே நாம் கருதுகிறோம். ரயில் போக்குவரத்துத் தடைப்பட்டது, வண்டிகள் எரிந்தன, கடைகள் சூறையாடப்பட்டன. காவலர் இல்லாத நகரத்தில் கலகக்காரர் புகுந்தனர். இராணுவமும் எல்லைப் பாதுகாப்புப் படையும் மத்திய ரிசர்வ் போலீசும் வரவழைக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. ஜூலியோ ரிபேரோ அப்போது கமிஷனர். கலகம் அடங்கியது, பலர் வேலைநீக்கம் பெற்றனர், சங்கம் போயிற்று.

அன்று நடந்ததை நாம் புகழ்வதற்கில்லை. ஆயுதம் தாங்கியோர் கட்டுப்பாட்டை உடைத்தால் முதலில் அடிபடுவது ஏழைகளின் கடைகளே. ஆயினும், விவாதம் கட்டுப்பாட்டைப் பற்றியதாகவே முடிந்தது; 160 சதுர அடி அறையைப் பற்றியும், முடிவில்லாத வேலை நேரத்தைப் பற்றியும் எழுந்த வினா அப்படியே நின்றது. இடையில் வந்த 1984-ஆம் ஆண்டின் 50-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஆயுதப் படையினரின் அடிப்படை உரிமைகளை வரையறுக்கும் 33-ஆம் விதியை மேலும் விரித்தது. கேட்பதற்கு வாய் அடைபட்டதேயன்றி, கேட்டது கிடைக்கவில்லை.

ஏறத்தாழ 33 ஆண்டுகள் கழித்து, 2015 மே மாதம் வக்கோலா காவல் நிலையத்தில் ஓர் உதவி சப்-இன்ஸ்பெக்டர் தம் நிலையத்தின் தலைமை இன்ஸ்பெக்டரைச் சுட்டுத் தம்மையும் மாய்த்துக்கொண்டார். இரவுப் பணிக்கு வரவில்லை என்று பதிவேட்டில் குறித்ததே தகராறுக்கு மூலம் என்று கூறப்பட்டது. இருவரும் பல ஆண்டுகள் பணியாற்றியவர்கள். ஒரு நிகழ்ச்சியை வைத்து ஓர் இலாகாவையே எடைபோடலாகாதுதான். ஆனால் 2019-இல் ‘காமன் காஸ்’ நிறுவனமும் சி.எஸ்.டி.எஸ். ஆய்வகமும் நாடெங்கும் நடத்திய ஆராய்ச்சி, போலீசார் சராசரி நாளொன்றுக்கு 14 மணி நேரம் உழைக்கின்றனர் என்றது. 10-இல் எட்டுப் பேர் எட்டு மணிக்கு மேற்பட்டும், ஏறத்தாழ பாதிப் பேர் வார விடுமுறையே இன்றியும் வேலை செய்வதாகவும் கண்டது. 14 மணி நேர வேலையோடு அம்பர்நாத் ரயில் பிரயாணம் மூன்று மணியைக் கூட்டிப் பாருங்கள். மீதி ஏழு மணிக்குள் உணவு, உறக்கம், குழந்தையின் பள்ளிப் பாடம், மனைவியோடு இரண்டு வார்த்தை எல்லாம் அடங்கவேண்டும்.

வக்கோலா நிகழ்ச்சிக்கு மறு ஆண்டு, நமது செம்பூருக்கு அடுத்த தேவ்னாரிலிருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. அந்நிலையத்துக் கான்ஸ்டபிள் ஒருவர் ஆட்களின் எண்ணிக்கையையும் வேலைகளையும் கணக்கிட்டு, இருக்கும் ஆட்களைக்கொண்டே எட்டு மணி நேரம் வீதம் மூன்று முறையாகப் பணியைப் பிரிக்கலாம் என்று திட்டம் தீட்டினார். அப்போதைய கமிஷனர் தத்தா பட்சல்கிகர் அதை அலட்சியம் செய்யாமல் 2016 மே மாதம் தேவ்னார் நிலையத்திலேயே சோதித்துப் பார்த்தார். பின்னர் படிப்படியாக நகரின் மற்ற நிலையங்களுக்கும் விரித்தார். 1861-ஆம் ஆண்டுச் சட்டம் எந்நேரமும் என்றதை, ஒரு கான்ஸ்டபிளின் கணக்குப் புத்தகம் எட்டு மணி நேரமாகக் குறுக்கிற்று! சட்டத்தை மாற்றாமலே இது முடிந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் அம்முறை குலைந்துபோயிற்று. 2021-22-இல் மகளிர் காவலர்க்கு எட்டு மணி நேரப் பணி என்று மகாராஷ்டிரத்தில் ஆணைகள் பிறந்தன. தமிழ்நாட்டிலும் 2021-இல் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் விடுமுறை என்று அரசாணை வந்தது. ஒரு நாள் விடுமுறையை அரசாணையாகப் பெறுவதற்குக் காவல் துறை தோன்றி 160 ஆண்டுகளுக்குமேல் ஆயின.

அப்பெருந்தொற்றின்போது நாம் கண்டவையும் நினைவிற்குரியவை. 2020 மார்ச் 22 இரவோடு பம்பாயின் புறநகர் ரயில்கள் நின்றன. ஜூன் 15-ஆம் தேதிதான் இன்றியமையாத பணியாளர்க்காக மீண்டும் ஓடின. ரயிலின்றி அம்பர்நாத், கல்யாண் முதலிய ஊர்களிலிருந்து நகரத்துக்கு வருவது பெரும்பாடு. தாராவியில் முதல் நோயாளி ஏப்ரல் 1-இல் கண்டறியப்பட்டார். ஒரே சந்தில் நூற்றுக்கணக்கானோர் வாழும் இடத்தில் தடுப்புக் கட்டி நின்ற போலீஸ்காரர்க்கு விலகி நிற்க இடமில்லை. சிலர் இறந்தபின், 55 வயதைக் கடந்தோர் வீட்டிலிருக்கலாம் என்று ஏப்ரல் இறுதியில் நகரப் போலீஸ் ஆணையிட்டது. வீட்டிலிருப்பது என்றால் அதே சிறிய அறை என்பதுதான் பலருக்கு நிலை.

2008 நவம்பர் 26 இரவில் கிர்காவ் கடற்கரையருகே வெறும் தடியுடன் நின்ற துக்காராம் ஓம்ப்ளே, பயங்கரவாதி கஸாபின் துப்பாக்கிக் குழலைத் தம் கையால் பற்றிக்கொண்டு உயிர் நீத்தார். 2009-இல் அவருக்கு அசோகச் சக்கர விருது அளிக்கப்பட்டது. அவர் உதவி சப்-இன்ஸ்பெக்டர். கான்ஸ்டபிள் வரிசையிலிருந்து உயர்வோர் எட்டும் படி அது. பரிகாசமாக நகரத்தார் ‘பாண்டு’ என்று அழைக்கும் அந்த வரிசைதான். 1975-இல் தாதா கோண்ட்கேயின் ‘பாண்டு ஹவல்தார்’ என்ற மராட்டிப் படம் அப்பெயரை ஊரெங்கும் பரப்பிற்று.

நமது மக்களுக்கும் போலீசுக்கும் உள்ள உறவு ஹஃப்தாவும் தடியடியும் மட்டுமன்று. கோலார் தங்கவயலில் பிறந்து இளவயதில் பம்பாய் வந்த ஜோக்கின் அற்புதம், டிராம்பேப் பக்கத்து ஜனதா காலனியைக் காக்கப் போராடிப் பலமுறை கைதானவர், 2000-இல் மக்சேசே விருது பெற்றவர், 2018-இல் மறைந்தார். அவரும், புனே, மும்பை நகரங்களின் கமிஷனராக இருந்த ஏ.என். ராயும் சேர்ந்து குடிசைப் பகுதிகளில் போலீஸ் பஞ்சாயத்துகளை ஏற்படுத்தினர். மும்பையில் அவை 2004-இல் தொடங்கின. ஒவ்வொன்றிலும் குடியிருப்போர் பத்துப் பேர்; அவர்களில் ஏழு பேர் பெண்கள். உடன் ஒரு போலீஸ்காரர். குழாய்ச் சண்டை, குடிகாரக் கணவன், கடன் தகராறு ஆகியவை காவல் நிலையத்துக்குச் செல்லாமல் அங்கேயே தீர்ந்தன. நிலையத்துச் சுமையும் அவ்வளவுக்குக் குறைந்தது. கைது செய்யப்பட்டவரும் கைது செய்யும் இலாகாவின் தலைவரும் ஒரே பாயில் அமர்ந்து பேசியதன் அடியில் ஓர் எளிய உண்மை இருந்தது: பம்பாயின் கான்ஸ்டபிள்களில் பலர் தாமே குடிசைப் பகுதிகளில் குடியிருந்தவர்கள். கோயம்புத்தூர்க்காரரான டி. சிவானந்தன் 2009-இல் மும்பைக் கமிஷனரானதை நம்மவர் பெருமையுடன் கொண்டாடினர், கொண்டாடத்தக்கதே. கடைசிப் படியில் நிற்பவரைப்பற்றி ஏழு பெண்கள் கூடிய அந்தப் பஞ்சாயத்து அறிந்திருந்த அளவு நம்மிற் பலர் அறிந்திலர்.

இன்றைய ஊதியத்தையும் கூறிவிடுவோம். ஏழாவது சம்பளக் கமிஷன்படி மகாராஷ்டிரத்தில் கான்ஸ்டபிளின் அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாயில் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலருக்கு 18,200 ரூபாய். படிகள் இதனின் வேறு. 8 ரூபாய்க் காலத்தோடு ஒப்பிட்டால் நிலை உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் சம்பளத்தை விலைவாசியோடு ஒப்பிடுவது போதாது. பம்பாயில் அதை வீட்டு விலையோடு ஒப்பிடவேண்டும். சர்க்கார் குடியிருப்பு வேலை உள்ளவரைதான். 58 வயதில் ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பித் தரவேண்டும். நகரத்தில் முப்பது ஆண்டு வாழ்ந்தவர் அன்று நகரத்தை விட்டு வெளியேறுகிறார். அம்பர்நாத்தும் பத்லாபூரும் வளர்ந்ததில் இவ்வாறு வெளியேறியோருக்கும் ஒரு பங்குண்டு.

பி.டி.டி. சால்களை இடித்துப் புதுக் கட்டடம் எழுப்பும் பணி 2021 ஆகஸ்டில் வோர்லியில் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் முதல் தொகுதியாக 556 வீடுகளின் சாவிகள் வழங்கப்பட்டன. 160 சதுர அடியில் இருந்த குடும்பங்களுக்கு 500 சதுர அடி வீடு, விலையின்றி. அதே சால்களில் பல்லாண்டு குடியிருந்த போலீஸ் குடும்பங்களோ வாடகைதாரர் அல்லர், சர்க்கார் ஊழியர். ஆகவே அவர்கள் விலை கொடுக்கவேண்டும் என்று முடிவாயிற்று. முதலிற் சொல்லப்பட்ட விலை 50 லட்சம் ரூபாய். எதிர்ப்பு எழுந்தபின் 25 லட்சமாயிற்று. 2022-இல் 15 லட்சத்தில் நின்றது. புதிதாய்ச் சேரும் கான்ஸ்டபிளின் அடிப்படைச் சம்பளத்தில் அது 69 மாதத் தொகை. ஒரே மாடியில், ஒரே குழாயடியில் நின்ற இரண்டு குடும்பங்களில் ஆலைத் தொழிலாளியின் வாரிசு பணமின்றிச் சாவி பெற்றார். ஓய்வுபெற்ற ஹவில்தார் வங்கியில் கடன் மனு எழுதலானார்.